ஐந்து கதவு ஜிம்னிக்கு லிஃப்ட் கிட்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

மாருதி சுசுகி ஜிம்னி வாங்கியவர்கள் முதல் மலைப்பயணம் முடிந்து திரும்பியதும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு, போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தலாமா, மூன்று அங்குலம் உயர்த்தலாமா? அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு படுத்துப் பார்க்கச் சொல்வேன். எந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது? எந்த இரும்பில் புதுக் கீறல் பளபளக்கிறது? இரு சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவே புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியிலா, வண்டியின் வயிற்றுப் பகுதியில் எஞ்சின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸை ஒட்டியா, பம்பரின் ஓரங்களிலா? பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கீறல்களே சொல்லிவிடும். அங்குலக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இருப்பவை ஒரே துண்டான இரும்பு ஆக்சில்கள். டிஃபரன்ஷியல் அந்த ஆக்சிலோடு ஒட்டியது. ஆக்சில் சக்கரத்தோடு ஒட்டியது. ஸ்பிரிங் இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து, சேஸிஸ் எனப்படும் இரும்புச் சட்டத்தைத் தாங்குகிறது. ஆகவே எவ்வளவு நீளமான ஸ்பிரிங் போட்டாலும் மேலே போவது சேஸிஸும் அதன்மேல் உள்ள உடலும் மட்டுமே. டிஃபரன்ஷியல் இருந்த உயரத்தில்தான் இருக்கும். விளம்பரத்தில் வரும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தின் அளவு. ஜிம்னியில் அந்த இடம் டிஃபரன்ஷியல். மூன்று அங்குல கிட் போட்ட பிறகும் அந்த 210, 210ஆகவேதான் இருக்கும். லிஃப்ட் கிட் விற்கும் பலர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. எஸ்டேட் சாலைகளில் லாரியும் டிராக்டரும் ஓடி ஓடி இரண்டு சக்கரத் தடங்கள் ஆழமாகி, நடுவில் மண்மேடு எழுந்து நிற்கும். அங்கே முதலில் உரசுவது டிஃபரன்ஷியல்தான். உங்கள் கீறல்கள் அங்கே மட்டும் இருந்தால் ஸ்பிரிங் கடைக்குப் போக வேண்டியதில்லை, டயர் கடைக்குப் போங்கள்.

ஆக்சிலையே சக்கர மையத்துக்கு மேலே தூக்கிவைக்கும் போர்ட்டல் ஆக்சில் போன்ற பெருஞ்செலவு வேலைகளை விட்டுவிட்டால் டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதிலும் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. பலரும் முதலில் மாற்றும் 215/75 ஆர்15 டயருக்கு அது 703 மி.மீ.க்குச் சற்று மேல். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் ஆக்சில் உயரும். அதாவது ஐந்து மி.மீ. பிடிமானமும் தடித்த பக்கச் சுவரும் கிடைக்கும் என்பதற்காக அந்த டயரை வாங்கலாம், உயரத்துக்காக வாங்க வேண்டாம். 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ. அது ஆக்சிலை 20 மி.மீ. உயர்த்தும், கல் பாதையில் அந்த 20 மி.மீ. நன்றாகவே தெரியும். ஆனால் கம்பெனி உயரத்தில் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதும், ஒரு சக்கரம் மேலே அழுந்தும்போதும் அந்த டயர் பம்பர் மூலையிலோ வீல் ஆர்ச் உறையிலோ உரசும். மேலும் டயர் ஏறத்தாழ 6 சதவீதம் பெரியதானால் எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 134 நியூட்டன் மீட்டர் இழுவைதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி முதல் கியரைக் கேட்கும். வேகமானியும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

இனி வயிறு. ஐந்து கதவு ஜிம்னிக்கு லிஃப்ட் தேவை என்று நான் நினைப்பதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,250 மி.மீ. இடைவெளி. ஐந்து கதவில் அது 2,590. இடையில் நீண்ட அந்த 340 மி.மீ. காரணமாக, மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்துவிட்டது. வயிற்றை 50 மி.மீ. உயர்த்தினால் இந்தக் கோணம் எவ்வளவு மீளும் என்று தோராயமாகக் கணக்கிட்டால் நான்கு டிகிரிதான் வருகிறது. அதாவது இரண்டு அங்குல லிஃப்ட் என்பது, வண்டி நீண்டபோது இழந்ததைத் திரும்பப் பெறும் வேலை. கீறல்கள் டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இது செலவழிக்கத் தகுந்த உயரம். முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் இந்த அவசரம் இல்லை. முன்னால் 36 டிகிரி, பின்னால் அதைவிடவும் அதிகம் என்று கம்பெனியே தாராளமாகக் கொடுத்திருக்கிறது.

வயிற்றை உயர்த்தும் வழிகளில் மலிவானது ஸ்பேசர். காயில் ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே பாலியூரித்தேன் அல்லது அலுமினிய வளையத்தை வைப்பார்கள். சில ஆயிரம் ரூபாயில், ஒரே நாளில் முடிந்துவிடும். வண்டி உயர்ந்து நிற்கும், புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதுதான், அதன் நீளமும் பழையதுதான். உடலை 30 மி.மீ. தூக்கி வைத்ததால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரத்தில் அதே 30 மி.மீ. குறைந்துவிடுகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டி கல் விட்டுக் கல் தவழ்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சக்கரம் எவ்வளவு தூரம் கீழே இறங்கித் தரையைத் தொடுகிறது என்பதுதான் வண்டியை நகர்த்துகிறது. ஸ்பேசர் போட்ட வண்டியின் சக்கரம் முன்கூட்டியே அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சக்கரம் வெறுமனே சுழலும். ஜிம்னியில் அந்தச் சக்கரத்துக்குத் தானாகப் பிரேக் கொடுத்து எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை நம்பிச் சக்கரத்தின் இறக்கத்தை நாமே குறைத்துக்கொள்வது சரியல்ல. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச்சும் மாட்டி முன்பக்கம் தாழ்ந்துபோன வண்டியைச் சமன் செய்ய 20 மி.மீ. ஸ்பேசர் போடுவது நியாயம். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பாடி லிஃப்ட் என்ற இன்னொரு வழியும் உண்டு. சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்குவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், வயிறு ஒரு மி.மீ. கூட உயராது. தினமும் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம்.

மூன்றாவது வழி, புது ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளத்தில் புது ஷாக் அப்சார்பரும் சேர்ந்த 40 முதல் 50 மி.மீ. கிட். ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் ஆகிய ஆஸ்திரேலிய நிறுவனங்களின் பெயர்கள் இங்கேயும் பழகிவிட்டன. ஸ்பேசரைப் போலப் பல மடங்கு செலவாகும். ஆனால் நீங்கள் வாங்குவது உயரத்தை மட்டும் அல்ல. சக்கரத்தின் இறக்கம் குறையாமல் உயரம் கிடைக்கிறது. கம்பெனி ஷாக் அப்சார்பர் கரடுமுரடான சாலையில் நீண்ட நேரம் ஓடிச் சூடாகித் தளர்ந்துபோகும் குறையும் தீர்கிறது. என் தேர்வு இதுதான், அதிலும் 40 மி.மீ. பக்கம் சாய்வேன். வாங்கும்போது பட்டியலில் ஐந்து கதவு வண்டிக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். மூன்று கதவைவிட இது சுமார் 100 கிலோ கூடுதல் எடை. மூன்று கதவுக்கான பின்பக்க ஸ்பிரிங்கை இதில் மாட்டினால் சொன்ன உயரம் வராது.

50 மி.மீ.யைத் தாண்டும்போது ஏன் எல்லாம் சிக்கலாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அறியாமல்தான் பலர் மூன்று அங்குலத்துக்குப் போகிறார்கள். ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீண்ட கைகள் சேஸிஸோடு பிணைத்திருக்கின்றன. சேஸிஸ் உயரும்போது இந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. ஆக்சிலும் அவற்றோடு சேர்ந்து உருள்கிறது. விளைவாக, கேஸ்டர் எனப்படும் கோணம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்புவதும், நெடுஞ்சாலையில் வண்டி கோடு பிடித்தாற்போல் போவதும் இந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இரு பக்கமும் அலையும். காற்றுக்கும் பஸ் கடந்து போவதற்கும் ஒதுங்கும். இணைப்புகளில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் உறையோ டயர் பேலன்ஸோ கொஞ்சம் பழுதாக இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் நிற்காமல் கடகடவென்று ஆடத் தொடங்கும். அதை ஒருமுறை கையில் உணர்ந்தவர் மறக்க மாட்டார்.

இதைச் சரிசெய்யத் துளை நடுவிலிருந்து விலகிய புஷ்களை அந்தக் கைகளில் மாட்டி, ஆக்சிலைப் பழைய கோணத்துக்குத் திருப்புவார்கள். 40, 50 மி.மீ. வரை இது போதும். ஆனால் ஆக்சிலை அப்படித் திருப்பும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போகிறது. டிரான்ஸ்பர் கேஸிலிருந்து அதற்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு இன்னும் கூர்மையாக வளைய வேண்டியதாகிறது. கேஸ்டரைச் சரிசெய்தால் ஷாஃப்ட் அதிர்கிறது, ஷாஃப்ட்டைக் காப்பாற்றினால் ஸ்டீயரிங் அலைகிறது. மூன்று அங்குலத்தில் இந்த இரண்டையும் ஒருசேரத் தீர்க்க, கைகளையே மாற்ற வேண்டும் அல்லது அவற்றின் பிணைப்பைக் கீழிறக்கும் பிராக்கெட் போட வேண்டும். டிரான்ஸ்பர் கேஸைத் தாழ்த்த வேண்டும் அல்லது அகலக் கோணம் தாங்கும் ஷாஃப்ட் வாங்க வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்துவிடுவதால் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடு முன்னும் பின்னும் நீளம் மாற்றக்கூடியதாக வேண்டும். நீண்ட பிரேக் ஹோஸ் வேண்டும், சக்கரம் அளவுக்கு மீறி மேலேறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் தாழ வேண்டும். கடையில் சொல்லும் கிட் விலையில் இவற்றில் பாதிகூட இருக்காது.

இத்தனையும் செய்தாலும் மிஞ்சுவது வண்டியின் உருவம். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அகலத்தைவிட உயரம் அதிகம். மூன்று அங்குல கிட்டும் 235 டயரும் சேர்ந்தால் உயரம் 1,816 மி.மீ.யைத் தொடும். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் அப்படியே இருக்கும். மேலே சுமை கட்டிக்கொண்டு வால்பாறை வளைவுகளில் இறங்கும் குடும்ப வண்டிக்கு இது பொருந்தாது. டிரெய்லரில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் அது வேறு கதை.

லிஃப்ட் உயரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. வாங்கிய பிறகு எழும் புகார்களில் பெரும்பகுதி இதனால்தான். ஒரே 50 மி.மீ. கிட்டுக்கு மூன்று விறைப்புகளில் ஸ்பிரிங் வரும்: வெறும் வண்டிக்கு, நடுத்தரச் சுமைக்கு, எப்போதும் பாரம் சுமக்கும் வண்டிக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று கனமானதை வாங்கிவிடுவார்கள். வெறும் வண்டியில் அது 50க்குப் பதில் 65, 70 மி.மீ. தூக்கிவிடும், மேலே சொன்ன கேஸ்டர் சிக்கல் தானாக வந்து சேரும். சிறு பள்ளத்தில்கூட முதுகுத்தண்டு அதிரும். கனமான ஸ்பிரிங் கல் பாதையில் சக்கரத்தை எளிதாக மேலே போக விடாது, வண்டி ஒரு பலகைபோல் சாய்ந்து ஆடும். ஐந்து கதவு ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ, சட்டப்படி மொத்த எடை 1,545 கிலோ. நான்கு பேர் உட்கார்ந்தாலே பெரும்பகுதி போய்விடும். ஆகவே வண்டியில் நிரந்தரமாக ஏறியிருக்கும் எடையை மட்டும் எழுதிக் கூட்டுங்கள்: இரும்பு பம்பர், வின்ச், அடித்தகடு, கூரைக் கேரியர். வருடத்துக்கு ஒருமுறை லடாக் போகும்போது ஏற்றும் சுமையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்னால் கம்பெனி பம்பரே இருந்தால் முன்பக்கத்துக்கு வெறும் வண்டிக்கான ஸ்பிரிங்தான்.

ஷாக் அப்சார்பரில் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரு பெரும் வகைகள். ஒற்றைக் குழாய் சூட்டை விரைவில் வெளியேற்றும், மண் சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓடினாலும் தளராது. ஆனால் குழாயில் கல் அடித்துப் பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் அடிவாங்கினாலும் உள்ளே வேலை நடக்கும், சவாரியும் மென்மையாக இருக்கும். மெதுவான மலைப்பாதைக்கும் வாரநாள் தார்ச்சாலைக்கும் இரட்டைக் குழாயே போதும்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020இல் வந்த தாரின் பின்பக்கம் ஜிம்னியைப் போல ஒரே துண்டு ஆக்சில். முன்பக்கத்திலோ ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே இயங்கும். முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு ஒட்டியிருப்பதால் லிஃப்ட் போட்டால் அதுவும் உயரும். அது லாபம். ஆனால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் எப்போதும் சாய்ந்தே சுழல வேண்டும். முதலில் ரப்பர் உறை கிழியும், மண் புகும், பிறகு மூட்டே தேயும். காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் அந்த அமைப்பின் மேலே வைக்கும் ஸ்பேசர், தன் தடிமனைவிட அதிகமாகச் சக்கரத்தை இறக்கும். கடைக்காரர் சொல்வது ஸ்பேசரின் தடிமனா, வண்டி உயரும் அளவா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 226 மி.மீ. கிளியரன்ஸும், முன்னால் 41.8 டிகிரியும், வயிற்றுக்கு 27 டிகிரியும் உள்ள அந்த வண்டிக்கு முதலில் நல்ல டயரும் அடித்தகடும் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் என்றால் 40 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சோதனைச் சாவடியில் முதலில் கண்ணில் படுவது அளவுக்கு மீறிய உயரமும் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரும். அடக்கமான 40 மி.மீ.யை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கிட் மாட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதில் பயனில்லை.

மாட்டும் நாளில் நீங்கள் பட்டறையில் இருப்பது நல்லது. வேலை தொடங்கும் முன் நான்கு சக்கரங்களிலும் நடுவே இருக்கும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். டயர் மாறினாலும் மாறாத அளவு அது. அடுத்ததாக முக்கியமானது: ஆக்சில் கைகளின் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்க விடக் கூடாது. அப்போது கையளவில் மாட்டிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் அமர்ந்து வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகுதான் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷுக்குள் இருக்கும் ரப்பர், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருக்கும். சவாரி விறைத்துப்போகும், சில மாதங்களில் ரப்பர் கிழியும், பழி ஸ்பிரிங்மேல் விழும். அவசரத்தில் வேலை செய்யும் பட்டறைகளில் இந்த ஒரு படிதான் அடிக்கடி விடுபடுகிறது.

லிஃப்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் சக்கரம் சற்றுக் கோணலாக நிற்கும். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். வண்டி சறுக்காமல் தானாகப் பிரேக் பிடிக்கும் இ.எஸ்.பி. உள்ள வண்டி, நீங்கள் திருப்பிக்கொண்டிருப்பதாக நினைத்து நேர்ச்சாலையிலேயே தேவையில்லாமல் குறுக்கிடக்கூடும். ஸ்டீயரிங் இணைப்பு ராடின் நீளத்தைச் சரிசெய்து நேராக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் உயர்ந்திருந்தால் முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும். சுவருக்கு எதிரே நிறுத்தி அதையும் இறக்கிவையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஸ்பிரிங் சில மி.மீ. அமர்ந்துவிடும். அப்போது ஹப்பிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து, இறுதி வீல் அலைன்மென்ட்டை அன்று செய்யுங்கள். கேஸ்டர் அளவை அச்சிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புஷ் மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.